'கூகுளில் எடுத்தது': பள்ளி ஆண்டு மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

பொங்கல் கழிந்ததும் எங்கள் அச்சகத்தின் படியேற ஆரம்பிப்பீர்கள். ஒரு கையில் மாணவர்களின் கதை, கவிதை, கட்டுரைக் கட்டு. மறு கையில் பென்டிரைவ். கட்டில் உள்ளதை இரண்டு முறையாவது திருத்தியிருப்பீர்கள். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாமல் விட்ட பிள்ளைக்குச் சிவப்பு மையில் வட்டம் விழுந்திருக்கும். எந்தப் பொன்மொழியை யார் சொன்னார் என்று ஓரத்தில் குறிப்புகூட இருக்கும். பென்டிரைவின் கதை வேறு. அதைத் திறந்தால் 'இமேஜஸ் 4', 'இமேஜஸ் 4 காப்பி', 'டவுன்லோடு 17', 'வாட்ஸ்அப் இமேஜ்' என்று ஊர் பேர் தெரியாத கோப்புகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். "இவற்றை எங்கே எடுத்தீர்கள் டீச்சர்?" என்று கேட்டால் எல்லாப் பள்ளியும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொல்கிறது: "கூகுளில்தான் சார்."

கூகுள் படம் வரைவதற்காக வைத்த கடை அல்ல. எந்தப் படம் எந்த வீட்டில் இருக்கிறது என்று காட்டும் ஆள். தெருமுனையில் நின்று வழி சொன்னவரிடமே வீட்டு வாடகை பேசி முடித்துவிட்டு வருவதுபோல இருக்கிறது நாம் செய்வது. வீட்டுக்காரர் ஒருவர் உள்ளே இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்த மடல்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம்; தவறில் பெரும்பகுதி என்னுடையது. 84 பக்கம், 1,200 பிரதி, நான்கு வண்ண ரேப்பர், அதாவது மேலட்டை. ஆலமர விழுதுகளுக்கிடையே ஒரு சிறுமி புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நீர்வண்ண ஓவியத்தை முகப்புக்குக் கொடுத்தார்கள். தமிழாசிரியை ஒருவர் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தது. நல்ல ரசனை, குறை சொல்ல முடியாது. ஓவியத்தின் வலது கீழ் மூலையில் பொடியாக ஒரு கையெழுத்து இருந்தது. பள்ளியின் முகவரி அங்கேதான் வர வேண்டும். அரை அங்குலம் வெட்டினேன். வெட்டும்போது மனத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அச்சுத் தொழிலில் ஓரம் வெட்டுவது மூச்சுவிடுவதுபோல.

ஆண்டு விழாவில் மலர் வெளியானது. பள்ளி அதைப் பி.டி.எஃப். ஆக்கித் தன் இணையதளத்திலும் போட்டது. மூன்று வாரத்தில் ஓவியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வழக்கு, நோட்டீஸ் என்ற சொற்களே அதில் இல்லை. 'என் பெயர் இருந்த மூலையை வெட்டியது யார்?' என்று ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தலைமையாசிரியர் என்னை அழைத்தார். வெட்டியது நான்தான் என்றேன். ஓவியர் கேட்டது 4,000 ரூபாயும் தன் பெயரும். மிச்சமிருந்த 300 பிரதிகளுக்கு ரேப்பரை மாற்றி அச்சிட்டு, பைண்டிங்கைப் பிரித்துக் கட்டிய செலவு அதைவிடக் கூடுதல். பிறகு ஒருநாள் தொலைபேசியில் பேசியபோது ஓவியரான அந்தப் பெண் சொன்னார்: முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பள்ளிக்குத்தானே என்று சும்மாவே கொடுத்திருப்பாராம். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்தப் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் தொழிலுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்போது பக்கம் வடிவமைக்கும் கோரல்டிரா மென்பொருளோடு கிளிப் ஆர்ட் எனும் ஆயத்தப் படங்களின் குறுந்தகடுகள் வரும். எந்த எண்ணில் எந்தப் படம் என்று பார்க்கத் தலையணைப் பருமனில் ஒரு புத்தகமும் கூட வரும். பூ, விளக்கு, யானை, கைகுலுக்கும் இரண்டு கனவான்கள் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கணினி ஆய்வகத்தில் வேர்டுக்குள்ளும் 'கிளிப் ஆர்ட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது எதையும் யாரையும் கேட்காமல் எடுத்து ஒட்டலாம். ஏனென்றால் மென்பொருளை விற்றவரே பயன்படுத்தும் உரிமையையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தார். 2014 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கிடங்கை மூடிவிட்டு, பொத்தானைப் பிங் தேடலுக்குத் திருப்பிவிட்டது. பெட்டி போய், அதே இடத்தில் உலகம் முழுவதும் வந்து நின்றது. நம் கை மட்டும் பழைய கையாகவே இருந்துவிட்டது.

பார்க்கக் கிடைப்பது வேறு, எடுத்தாளக் கொடுத்திருப்பது வேறு. கோயில் நந்தவனத்துப் பூ தெருவில் போகிற எல்லார் கண்ணுக்கும்தான் தெரிகிறது.

"கல்விக்காகத்தானே சார், லாபத்துக்கா செய்கிறோம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் உங்களை மறந்துவிடவில்லை. அதன் 52ஆம் பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. தேர்வு வினாத்தாளில் சேர்ப்பதற்கும் இடம் கொடுக்கிறது. பல்கலைக்கழகப் பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்த வழக்கில், 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குத் தாராளமாகவே பொருள் கொண்டது. ஆகவே வகுப்புச் சுவரில் தொங்கும் இதயத்தின் வரைபடத்துக்காகவோ, ஐந்தாம் வகுப்புக்கு நீங்கள் காட்டும் திமிங்கிலத்துக்காகவோ உறக்கம் கெட வேண்டாம். ஆனால் ஆண்டு மலர் பாடம் நடத்துவது அல்ல. உள் அட்டையில் ஜவுளிக்கடை, பின் அட்டையில் நகைக்கடை, நடுவில் பாத்திரக்கடை விளம்பரத்தோடு 1,200 பிரதி அச்சிட்டுக் கொடுக்கும் வெளியீடு. அதற்கும் இந்தச் சலுகை செல்லும் என்று வாதாட ஒரு வழக்கறிஞர் கிடைக்கலாம். மலர்ச் செலவில் அவருடைய கட்டணத்தைச் சேர்க்கும் எண்ணம் உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

படத்தின் ஓரத்தில் வட்டத்துக்குள் 'சி' போடவில்லையே, அப்படியானால் உரிமை இல்லை என்றுதானே பொருள் என்று ஓர் உடற்கல்வி ஆசிரியர் கேட்டார். இல்லை. வரைந்து முடித்த கணமே உரிமை வந்துவிடுகிறது. குறியும் வேண்டாம், பதிவும் வேண்டாம். வரைந்தவர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்த பிறகு மேலும் 60 ஆண்டுகளும் அது நிற்கும். போதாததற்கு, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தனியாகவே கொடுக்கிறது. அந்தக் கையெழுத்தை நான் வெட்டியபோது வெட்டுப்பட்டது அதுதான்.

இந்த 60 ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் மலர்களில் தவறாமல் வரும் சில படங்களுக்கு இதுதான் உரைகல்.

வள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 'அவர் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தையவர், அவர் படத்துக்கு என்ன உரிமை?' என்று கேட்கத் தோன்றும். குறளுக்கு உரிமை இல்லை, சரி. தாடியும் எழுத்தாணியுமாக நம் மனத்தில் பதிந்துபோன உருவம், கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. 1964இல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்ட ஓவியம். அவர் மறைந்தது 1989இல். சட்டம் ஓவியரின் ஆயுளைத்தான் எண்ணும், வள்ளுவரின் ஆயுளை எண்ணாது. பாரதியாரிடம் கணக்கு மாறுகிறது. முண்டாசும் கூர்ந்த பார்வையுமாக அவர் நிற்கும் பழைய புகைப்படங்கள் 1921க்கு முந்தையவை. அவற்றின் உரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டது, தாராளமாகப் போடுங்கள். அதே பாரதியைச் சென்ற ஆண்டு ஓர் இளைஞர் கணினியில் செந்தீ வண்ணத்தில் வரைந்து தன் பக்கத்தில் போட்டிருந்தால், அது அந்த இளைஞருடையது. முகம் ஒன்றுதான், உரிமை இரண்டு.

கடவுள் படங்களிலும் இப்படித்தான். ராஜா ரவி வர்மா 1906இல் மறைந்தார். அவருடைய சரசுவதியும் இலட்சுமியும் பொதுச்சொத்து. விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமும் படக் கிடங்குமான விக்கிமீடியா காமன்ஸில் நல்ல தெளிவான கோப்புகளாகக் கிடைக்கின்றன. கோவில்பட்டி கொண்டையராஜுவின் கதை வேறு. எங்கள் வட்டாரத்துக்காரர். சிவகாசி நாள்காட்டிகள் வழியாகத் தமிழ்நாட்டின் பூஜை அறைகளில் எல்லாம் குடியேறியவர். முருகன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும் முகம் அவர் தூரிகை கொடுத்தது. அவர் மறைந்தது 1976இல். ஆக, அவர் ஓவியங்களின் உரிமைக் காலம் 2036 முடியும்வரை ஓடும். பழைய நாள்காட்டியை ஸ்கேன் செய்து கொண்டுவந்து, 'இது தாத்தா காலத்துப் படம் சார்' என்று நீட்டுகிறவர்களிடம் நான் இப்போது கேட்பது, எந்தத் தாத்தா, எந்த ஆண்டு என்றுதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, படமே இல்லாமல் மலர் போட்டுவிடலாம் என்று எழுந்துவிட வேண்டாம். நியாயமாகக் கிடைக்கும் படங்கள் நாம் திருடும் படங்களைவிட நன்றாகவே இருக்கின்றன. தேடும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வெறும் கோட்டுருவங்கள், சின்னங்கள், பூவேலை ஓரங்கள் வேண்டுமானால் ஓப்பன்கிளிப்ஆர்ட் என்ற தளத்துக்குப் போங்கள். 2004இல் தொடங்கியது. 2019இல் முடங்கிப் பல மாதம் திறக்காமல் கிடந்து, பிறகு எழுந்து வந்தது. அங்கே படம் போடுகிறவர்கள் தங்கள் உரிமையை முழுவதுமாக விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு காரணத்துக்காக: படங்கள் எஸ்.வி.ஜி. வடிவில் கிடைக்கின்றன. புள்ளிகளால் ஆனவை அல்ல, கோடுகளால் ஆனவை. தபால்தலை அளவிலும் அச்சிடலாம், ஆண்டு விழா மேடைப் பதாகையிலும் அச்சிடலாம், பிசிறு தட்டாது.

புகைப்படத்துக்கு விக்கிமீடியா காமன்ஸ். இதுவும் 2004இல் பிறந்ததுதான்; இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. நம் ஊர்ப் படம் அங்கே எங்கே இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். 2011-12இல் தமிழ் விக்கிப்பீடியர்கள் ஊடகப் போட்டி ஒன்றையே நடத்தித் தமிழர் வாழ்க்கைப் படங்களை அங்கே சேர்த்தார்கள். கோயில், திருவிழா, தொழில், பயிர், பறவை என்று பலவும் இருக்கின்றன. பழங்கலைப் பொருள்கள் வேண்டுமென்றால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை நிபந்தனையின்றித் திறந்துவிட்டது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கொண்டுவரும் குழந்தைப் படங்களில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து வருகிறது; பொன்னிறக் கூந்தல் சிறுமி வருகிறாள்; சிவப்பு வண்ணக் களஞ்சியத்தின் முன்னால் வைக்கோல் தொப்பி போட்ட விவசாயி வருகிறார். பொங்கல் கட்டுரைக்குப் பக்கத்தில் ஊசியிலை மரங்களை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். குழந்தைகளுக்கான கதைகள் அங்கே தமிழிலும் உண்டு, படங்களைத் தனியாக எடுக்கவும் வழி உண்டு. இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக நம் ஊர்ப் பிள்ளைகள், மண் வீடு, ஆட்டோ, மாடு எல்லாம் நம் நாட்டு ஓவியர்கள் வரைந்தவை. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வரைந்தவர் பெயரைப் போட வேண்டும்.

நிபந்தனை என்றதும் முகம் சுருங்குகிறது. அதிகம் இல்லை. இப்படித் திறந்துவிடப்பட்ட படங்களில் பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமத்தில் வருகின்றன. தமிழ் ஆர்வலர்கள் அதைப் படைப்பாக்கப் பொதுமம் என்கிறார்கள். 'எல்லா உரிமையும் எனக்கே' என்பதற்கும் 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்' என்பதற்கும் நடுவே சில படிகள் அமைத்துக் கொடுப்பது இந்த உரிமம். படத்தின் கீழே இரண்டிரண்டு ஆங்கில எழுத்தாகப் போட்டிருக்கும். 'பி.ஒய்.' என்றால் பெயர் போடு. 'எஸ்.ஏ.' என்றால் நீ இதை மாற்றி உருவாக்கியதையும் இதே உரிமத்தில் பிறருக்குக் கொடு. இவை இரண்டும் மலருக்குத் தொந்தரவு இல்லாதவை. 'என்.சி.' என்றால் வணிகத்துக்கு ஆகாது. நகைக்கடை விளம்பரம் தாங்கிய மலர் வணிகமா இல்லையா என்று நாம் அச்சக வாசலில் நின்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்தால் போயிற்று. 'என்.டி.' என்றால் மாற்றாதே. வண்ணத்தை மாற்றி, பின்னணியை நீக்கி, ஆங்கில எழுத்தை அழித்துத் தமிழில் எழுதி வெளியிடுவது அதற்குள் அடங்காது. இது எனக்கான எச்சரிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதையெல்லாம் செய்யும் கை என்னுடையது. 'சி.சி.ஸீரோ' என்று இருந்தால் எந்தப் பேச்சும் இல்லை, எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் பெயர் போடுவது நாகரிகம்.

பெயர் போடுவது எப்படி என்றால், 'நன்றி: கூகுள்' என்று போடுவது அல்ல. 'நன்றி: இணையம்' என்பதும் அல்ல, அது 'நன்றி: காற்று' என்பது போன்றது. படத்தின் தலைப்பு, வரைந்தவர், எடுத்த தளம், உரிமத்தின் பெயர் ஆகிய நான்கும் இருந்தால் போதும். படத்துக்குக் கீழே இடமில்லையென்றால் கடைசிப் பக்கத்தில் 'படங்கள்' என்று தலைப்பிட்டுப் பக்க எண்ணோடு எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாம். விளம்பரம் குறைந்து கடைசிப் பக்கம் காலியாகும்போது 'உங்கள் குறிப்புகளுக்கு' என்று கோடு போட்டு விடுகிறீர்களே, அந்த இடம்.

பிக்ஸாபே, அன்ஸ்ப்ளாஷ் போன்ற இலவசப் படத் தளங்கள் உங்களுக்குப் பழக்கமானவை. நல்ல தளங்கள்தான், பெயர் போட வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை. ஆனால் விதி மாறிக்கொண்டே இருக்கும் என்பதற்கு இவையே சாட்சி. அன்ஸ்ப்ளாஷ் 2017 வரையிலும் பிக்ஸாபே 2019 வரையிலும் சி.சி.ஸீரோவில் கொடுத்தன, பிறகு இரண்டும் தத்தம் சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டன. பிக்ஸாபேயைக் கேன்வா வாங்கியது, அன்ஸ்ப்ளாஷைக் கெட்டி இமேஜஸ் வாங்கியது. எங்கள் தொழிலில் அதிகம் புழங்கும் ஃப்ரீபிக்கில் காசு கட்டாமல் எடுத்தால் பெயர் போட்டாக வேண்டும். பெயரிலேயே 'ஃப்ரீ' இருப்பதால் யாரும் கீழே படிப்பதில்லை.

ஆகவே படத்தை மட்டும் எடுக்காதீர்கள், அது இருந்த பக்கத்தையும் உரிமம் தெரியும்படி, தேதியோடு, திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்தப் பாடு என்றால், அமெரிக்காவில் கரோல் ஹைஸ்மித் என்று ஒரு புகைப்படக் கலைஞர். தன் படங்களை ஆயிரக்கணக்கில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு, மக்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தட்டும் என்று கொடுத்தவர். ஒருநாள் படங்களை விற்கும் ஒரு நிறுவனத்தின் சார்பில் அவருக்கே கடிதம் வந்தது: இந்தப் படத்தை உங்கள் இணையதளத்தில் அனுமதியின்றிப் போட்டிருக்கிறீர்கள், 120 டாலர் கட்டுங்கள் என்று. படம் அவர் எடுத்தது! 2016இல் அவர் வழக்குத் தொடுத்தார். பொதுவுக்குக் கொடுத்துவிட்ட பிறகு பதிப்புரிமை மீறல் என்று வாதாட அவருக்கு இடமில்லை என்று ஆகி, அந்தப் பகுதி தள்ளுபடியானது. எடுத்தவருக்கே இந்தக் கதி என்றால், ஆதாரம் கையில் இல்லாத தலைமையாசிரியர் என்ன செய்வார்? மறுபக்கமும் உண்டு. நான் மேலே சொன்ன 'பி.ஒய்.' வகைப் படத்தில் பெயர் போட மறந்துவிட்டால், அந்த உரிமத்தின் 4.0 பதிப்பில், தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் உரிமை தானாகவே திரும்பிவிடும். இவ்வளவு பெருந்தன்மையை எங்கள் காகித வியாபாரிகளிடம்கூட நான் பார்த்ததில்லை.

பதிப்புரிமையோடு சம்பந்தமே இல்லாத இரண்டு கண்ணிகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இந்திய வரைபடம். குடியரசு தினக் கட்டுரைக்கு வெளிநாட்டுத் தளம் ஒன்றிலிருந்து இலவச வரைபடம் கொண்டுவருகிறீர்கள். படம் அழகாகத்தான் இருக்கும். காஷ்மீரின் தலைப்பகுதி மட்டும் பாதிதான் இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு மாறான வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரியது. துறையின் தளத்திலேயே சரியான வரைபடம் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு? இரண்டாவது, நான்முகச் சிங்கம். இலவசமாகக் கிடைக்கிறது என்று மலரின் முகப்பில் போடச் சொல்கிறீர்கள். அதை யார் யார் பயன்படுத்தலாம் என்பதற்கு 2005இல் தனிச் சட்டமே வந்துவிட்டது; பள்ளி மலர் அந்தப் பட்டியலில் இல்லை.

நிலா, ராக்கெட் படங்களுக்கு நாசா தளம் வசதி. அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில் உருவாக்கியதற்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. நாசாவின் இலச்சினையை மட்டும் தொடக்கூடாது. நம் நாட்டிலோ அரசுப் படைப்புக்கும் 60 ஆண்டு உரிமை உண்டு. அதனால் சந்திரயான் படத்தைப் போடும் முன் அதை எடுக்கும் தளத்தின் நிபந்தனையைப் படிக்க வேண்டியிருக்கிறது. நாசாவின் நிலா சுலபம், நம் நிலாவுக்கு நிபந்தனை படிக்க வேண்டும். என்ன செய்வது!

இனி என் தொழில் புலம்பல் கொஞ்சம். தேடல் பக்கத்தில் தெரியும் சிறு படத்தையே அழுத்திப் பிடித்துச் சேமித்துக் கொண்டுவருகிறீர்கள். திரையில் பளிச்சென்று தெரிவது அச்சில் தெரியாது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். நான்கு அங்குல அகலத்துக்கு 1,200 புள்ளி. ஏ4 முழுப்பக்கத்துக்கு 2,480க்கு 3,508. உங்கள் 'இமேஜஸ் 4' கோப்பில் 225 புள்ளிதான் இருக்கும். அதை இழுத்துப் பெரிதாக்கினால் காந்தியடிகள் செங்கல் சுவர்போல வருவார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இருந்ததும் சுருங்கும், ஆவணமாக அனுப்புங்கள். பின்னணி இல்லாத பி.என்.ஜி. என்று நம்பிச் சதுரங்கக் கட்டம் போட்ட பின்னணியோடேயே வந்து சேரும் படங்களைப் பற்றி எழுதினால் மடல் முடியாது. அந்தக் கட்டங்களைத் துடைத்தே என் கண் போயிற்று. திருட்டுப் படம் பெரும்பாலும் மோசமான படமாகவும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. மூலத் தளத்துக்கே போய் எடுத்தால் பெரிய அளவும் கிடைக்கும், உரிமமும் தெரியும், பெயரும் தெரியும். ஒரே நடையில் மூன்று வேலை முடியும். கூகுளிலேயே தேடினாலும், 'டூல்ஸ்' என்பதை அழுத்தினால் 'யூசேஜ் ரைட்ஸ்' என்று ஒரு வடிகட்டி விழும். அதைப் போட்டுத் தேடிவிட்டு, பிறகும் அந்தத் தளத்துக்குள் நுழைந்து பாருங்கள். பிறர் படத்தைத் தன் படமென்று ஏற்றிவிட்டுப் போனவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் படத்தையே கொடுத்துத் தேடினால் அது வேறு எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும்.

செயற்கை நுண்ணறிவில் செய்து கொண்டுவருவதும் தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு பள்ளி கொடுத்த கலைமகளுக்கு ஒரு கையில் ஆறு விரல். பின்னால் இருந்த பலகையில் தமிழ்போலவும் கன்னடம்போலவும் எதுவோ எழுதியிருந்தது. தமிழாசிரியர் கவனிக்கவில்லை, கணக்காசிரியர் விரலை எண்ணிவிட்டார்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். பென்டிரைவோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் கொண்டுவாருங்கள். படத்தின் கோப்புப் பெயர், வரைந்தவர், எடுத்த பக்கத்தின் முகவரி, உரிமம், எடுத்த தேதி என்று ஒரு படத்துக்கு ஒரு வரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் ஒப்படைத்தால் உங்களைவிட நன்றாகவே எழுதிவிடுவார்கள். அந்த நோட்டில் இடம்பெறாத படத்தை இந்த ஆண்டு முதல் நான் பக்கத்தில் வைக்கப்போவதில்லை. கடைசிப் பக்கத்தில் படங்களுக்கான நன்றி வரிகளைக் கோத்துக் கொடுக்கத் தனிக் கூலி வாங்கமாட்டேன். அந்த ஆலமரச் சிறுமியின் கணக்கில் அதை வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. உங்கள் பள்ளியிலேயே வரைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் வரையச் சொல்லி அசலையே கொண்டுவாருங்கள், நானே 300 புள்ளியில் ஸ்கேன் செய்துகொள்கிறேன். செல்பேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். தாளின் மேல் உங்கள் தலை நிழல் விழுந்திருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை வரைந்தாலும் உரிமை அந்தப் பிள்ளைக்கே என்பதால், பெற்றோரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். தாளின் பின்பக்கம் பெயரும் வகுப்பும் இருக்கட்டும். சென்ற ஆண்டு உங்களில் ஒரு பள்ளியின் மலரில் 31ஆம் பக்கத்தில் ஒரு மயில் வந்தது, தோகையின் கண்களை எல்லாம் சிறு சிறு கோலங்களாகப் போட்டு. கீழே பெயர் இல்லை. கேட்டபோது 'எட்டாம் வகுப்பில் யாரோ' என்றார்கள். அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்க வேண்டும். பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். இந்த ஆண்டு மலருக்கு ரேப்பர் அவளிடமோ அவனிடமோ கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் மலர்களுக்குப் பக்கம் அமைக்கும் அச்சகத்துக்காரர்